பெல் ஹவுசிங்கால் ஒயில் ஒழுகினால்: பழைய எஞ்சின்களின் பின் மெயின் சீல்

வாகனம் நின்ற இடத்தில் ஒயில் பொட்டு. குனிந்து பார்த்தால் எஞ்சினும் கியர்பொக்ஸும் சேருகிற இடத்தில், பெல் ஹவுசிங்கின் அடியில் ஈரம். "பின் சீல் போயிட்டுது, கியர்பொக்ஸை இறக்கவேணும்" என்ற தீர்ப்பு அங்கேயே வந்துவிடும். பின் சீல் அல்லது பின் மெயின் சீல் என்பது, கிராங் தண்டு எஞ்சினின் பின்னால் வெளியே வரும் இடத்தில், கடைசி மெயின் பெயாரிங்குக்குப் பின்னால் ஒயிலை மறிக்கும் அடைப்பு. தீர்ப்பு சரியாகவும் இருக்கலாம். ஆனால் இந்த வேலையில் சீலின் விலை சொற்பம். காசு போவது கழற்றிப் பூட்டுகிற கூலிக்கு. வேறு இடத்து ஒழுக்குக்காகக் கியர்பொக்ஸை இறக்கி, நல்ல சீலைக் கழற்றிப் புதுச் சீல் போட்டால், அடுத்த கிழமை அதே இடத்தில் அதே பொட்டு நிற்கும். அதனால் ஒரு போல்ட்டைத் தொடமுதல் பார்க்கவேண்டியவை இங்கே முதலில் வருகின்றன.

எஞ்சினில் சீல் இருக்கிறதா?

வேடிக்கைக் கேள்வி இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்னும் ஓடும் பழைய எஞ்சின்களில் பின் மெயினை அடைக்கும் முறை மூன்று விதம்.

மொரிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ30, ஏ35 கார்களில் உள்ள ஏ-சீரிஸ் எஞ்சினில் (803, 948, 1098 சிசி) ரப்பர் சீலே கிடையாது. கிராங்கின் பின்முனையில் புரி வெட்டியிருக்கும். கிராங் சுற்றும்போது அந்தப் புரி ஒயிலை உள்ளே தள்ளும். எஞ்சின் நின்றால் தள்ளுவதும் நின்றுவிடும், அப்போது ஒன்றிரண்டு துளி வெளியே வரும். அது அந்த எஞ்சினின் இயல்பு. மைனருக்குப் "பின் சீல் மாற்றியது" என்று பில் வந்தால், எதை மாற்றினார்கள் என்று கேட்பது நல்லது.

மசி பெர்குசன் 135 உழவு இயந்திரத்தின் பேர்க்கின்ஸ் ஏடி3.152 எஞ்சினில் பழைய முறை, கிராபைட் பூசிய கயிற்றுச் சீல். இரண்டு அரைவட்ட ஹவுசிங்குகளில் கயிற்றை அழுத்தி, கிராங்கைச் சுற்றிப் பூட்டியிருப்பார்கள். அதன் பிந்திய எஞ்சின்கள் சிலவற்றில் ரப்பர் சீல் வரும். கழற்றமுதல் எஞ்சின் இலக்கத்தைக் கடையில் காட்டிச் சாமானை எடுத்து வையுங்கள்.

மூன்றாவது, ஹயஸ் வான்களின் 2எல், 3எல் டீசல் முதல் பெரும்பாலான ஜப்பான் எஞ்சின்களில் வரும் ஒரே துண்டு வட்டச் சீல். உள்ளே சுருள் கம்பி, மெல்லிய ரப்பர் உதடு. பிளொக்கின் பின்னால் போல்ட்டில் பூட்டிய ரிடெய்னருக்குள் இது இருக்கும்.

அறிகுறி: பெல் ஹவுசிங்கின் அடியில் சொட்டுகிறது, எந்த ஒயில் என்று தெரியவில்லை

வெள்ளைக் கடதாசியை அல்லது மட்டையைச் சொட்டும் இடத்துக்கு நேர் கீழே இரவு முழுக்க வையுங்கள். டீசல் எஞ்சின் ஒயில் கரிக்கறுப்பு. கியர் ஒயில் தேன் நிறம், விரலில் பிசுபிசுக்கும், கந்தகம் போல ஒரு கெட்ட மணம் அடிக்கும். அந்த மணம் வந்தால் பின் மெயினை விட்டுவிடுங்கள். கியர்பொக்ஸின் முன் சீல்தான் சந்தேக நபர். நிறமில்லாமல் தண்ணீர் போல வழுவழுப்பாக இருந்து, பெயின்ற்றையும் உரித்தால் அது கிளச்சுக்குப் போகும் பிரேக் ஒயில்.

பெற்றோல் எஞ்சினில் ஒயில் மாற்றிய புதிதில் நிறத்தை நம்ப முடியாது. அப்போது மணம்தான் சாட்சி.

சொட்டின் அளவையும் பாருங்கள். ஏறக்குறைய 20 துளி ஒரு மில்லிலீற்றர். நிமிடத்துக்கு ஒரு துளி என்றால் மணிக்கு 3 மில்லிலீற்றர், ஒரு நாளைக்கு 72. ஓடும்போது இதைவிடக் கூடும். காலையில் இரண்டு மூன்று பொட்டு மட்டும் தெரிகிற, கிளச் ஒழுங்காகப் பிடிக்கிற வாகனத்துக்கு உடனே கியர்பொக்ஸ் இறக்கத் தேவையில்லை. டிப் ஸ்டிக்கை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டு, கிளச் வேலை வரும்போது சேர்த்துச் செய்யலாம். கூலி ஒன்றுதான்.

அறிகுறி: எஞ்சினின் பின்பக்கமே ஈரம், எங்கிருந்து வருகிறதென்று பிடிபடவில்லை

ஒயில் கீழ்நோக்கியும் பின்நோக்கியும்தான் ஓடும். மேலே எங்கே ஒழுகினாலும் கடைசியில் பெல் ஹவுசிங்குக்கு வந்து சேரும். டப்பட் கவர் காஸ்கட்டின் பின் மூலை, ஒயில் பிரஷர் சுவிட்ச், டிஸ்ரிபியூற்றரின் அடி, ஒயில் பில்ற்றர் வாய் என்று எல்லாம் இங்கே ஒழுகிப் பின் சீலின் தலையில் பழியைப் போடும். மேல் கேம் உள்ள பல டொயோட்டா எஞ்சின்களில் தலையின் பின்முனையில் அரைவட்ட ரப்பர் அடைப்பு இருக்கும். அது காய்ந்து சுருங்கினால் ஒயில் நேராகப் பெல் ஹவுசிங்கின் முதுகில் இறங்கும். கையை விட்டுத் தடவினால் தெரியும், கண்ணுக்குத் தெரியாது.

மைனர்காரர் இன்னும் இரண்டைப் பார்க்கவேண்டும். பிளொக்கின் பக்கத்தில் உள்ள இரண்டு டப்பட் செஸ்ட் மூடிகளின் கோர்க் காஸ்கட். அதோடு எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் தொட்டியான சம்பின் பின்முனையில், மெயின் பெயாரிங் மூடியின் வளைவில் இருக்கும் கோர்க் பட்டி. சம்ப் போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கி இறுக்கித் தகரம் குழிந்திருந்தால் எந்தக் கோர்க்கும் நிற்காது. சம்பைக் கழற்றி, குழிந்த போல்ட் ஓட்டைகளைப் பலகையில் வைத்துத் தட்டி நிமிர்த்திய பிறகே புதுக் கோர்க்.

இடம் பிடிக்க நல்ல வழி பவுடர். எஞ்சினின் பின்பக்கத்தையும் பெல் ஹவுசிங்கையும் மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு கழுவி, சவர்க்காரத் தண்ணீரால் அலசி, நன்றாகக் காயவிடுங்கள். செம்மண் தோட்டப் பக்கம் ஓடும் வாகனங்களில் ஒயிலும் மண்ணும் சேர்ந்து ஒரு பொருக்கே இருக்கும்; அதைத் தகட்டால் சுரண்டாமல் கழுவிப் பயனில்லை. காய்ந்த பிறகு பிள்ளைகளுக்குப் பூசும் பவுடரை மெல்லியதாகத் தூவி, எஞ்சினை 15 முதல் 20 நிமிடம் சூடாக ஓடவிட்டு, ரோச் அடித்துப் பாருங்கள். வெள்ளையில் கறுப்புக் கோடு தொடங்கும் மேல்முனைதான் ஒழுக்கு. கோடு எதுவும் இல்லாமல் பெல் ஹவுசிங்கின் அடி வடிகால் ஓட்டையால் மட்டும் ஒயில் வந்தால், ஒழுக்கு உள்ளேதான். மைனரில் அந்த ஓட்டையில் ஒரு ஸ்பிளிட் பின் தொங்கும், ஓட்டை அடைபடாமல் ஆடிக்கொண்டிருப்பதற்காக. சிலர் அதைத் தேவையில்லாத சாமான் என்று பிடுங்கிவிடுகிறார்கள். பிறகு ஓட்டை மண்ணால் அடைத்து, ஒயில் உள்ளே தேங்கிக் கிளச்சை நனைக்கும்.

அறிகுறி: ஓடும்போதும் ரேஸ் செய்யும்போதும் கூடுகிறது, நிறுத்தினால் குறைகிறது

இது சீலை விடக் கிராங்கேஸ் அமுக்கத்தின் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வரும் புகை வெளியேற வழியில்லாவிட்டால், எஞ்சினுக்குள் காற்று நிறைந்து, மிகப் பலவீனமான இடத்தால் ஒயிலைத் தள்ளும். அந்த இடம் அனேகமாகப் பின் மெயின்.

எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் தலைகீழாக அதே வாயில் சும்மா வையுங்கள். இலேசாக அதிர்வது வழமை. துள்ளி விழுந்தால், அல்லது வாயால் புகை தொடர்ந்து ஊதினால், அமுக்கம் அதிகம். உடனே ரிங்கைக் குற்றம் சொல்லாமல் முதலில் அந்தப் புகை வெளியேறும் பிறீதர் குழாயைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். பல நாள் நின்ற உழவு இயந்திரங்களில் குளவி மண்கூடு கட்டி அடைத்திருக்கும். மைனரில் பிறீதருக்குள் இருக்கும் கம்பி வலையில் கறுப்புச் சேறு பிடித்திருக்கும். பெற்றோலில் ஊறவிட்டுக் கழுவுங்கள். வழி திறந்த பிறகு ஒழுக்கு நின்றால், கியர்பொக்ஸுக்கு வேலையில்லை.

பிறீதர் நல்ல நிலையில் இருந்தும் ஊதினால் சிலிண்டரும் ரிங்கும் தேய்ந்தவை. இங்கே இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. தொண்ணூறுகளில், யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது, பெற்றோல் இல்லாமல் குடாநாட்டுக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு எழுப்பிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் முழுக்க ஆவியாகாது. மிஞ்சியது சிலிண்டர் சுவரின் ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு சம்புக்குள் இறங்கி, அங்குள்ள ஒயிலையும் மெல்லியதாக்கும். அப்படி ஓடிய பிறகு சிலிண்டர் கடைந்து திருத்தப்படாத எஞ்சினில் தேய்மானம் இன்னும் அப்படியே இருக்கும். அதற்கு எத்தனை நல்ல சீல் போட்டாலும் நிற்காது. கொம்பிரெஷன் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சம்பில் ஒயில் கூடினாலும் இதே அறிகுறி தோன்றும். டிப் ஸ்டிக்கின் மேல்கோட்டைத் தாண்டி அரை லீற்றர் கூடுதலாக விட்டால், புரி வைத்த எஞ்சின் நிச்சயம் ஒழுகும். தரை மட்டமாக உள்ள இடத்தில், எஞ்சின் நின்று 10 நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். ஏ-சீரிஸுக்கு 20டபிள்யூ-50, பழைய டீசலுக்கு 15டபிள்யூ-40. மிக மெல்லிய புதிய ரக ஒயில் இந்த எஞ்சின்களுக்குத் தேவையில்லை. ஒழுகுகிற இடமெல்லாம் ஒழுகும்.

அறிகுறி: கிளச் வழுக்குகிறது அல்லது விடும்போது நடுங்குகிறது

மூன்றாம், நான்காம் கியரில் மெதுவாகப் போகும்போது திடீரென அக்ஸிலேற்றரை மிதியுங்கள். எஞ்சின் சத்தம் ஏறி, வேகம் ஏறாவிட்டால் பிளேட் வழுக்குகிறது. எரிந்த ஒயில் மணமும் வந்தால் ஒயில் நனைத்திருக்கிறது. இதைத் தள்ளிப்போடக் கூடாது. ஒயில் ஊறிய பிளேட்டைப் பெற்றோலில் கழுவி வெயிலில் காயவைத்துப் பூட்டுகிறார்கள். சூடு ஏற ஏற உள்ளிருக்கும் ஒயில் திரும்ப வெளியே வரும். பிளேட் புதிதாகத்தான் போடவேண்டும். பிரஷர் பிளேட்டையும் பிளைவீலையும் தின்னரால் துடைத்தால் போதும், நீலம் பாரிக்காமலும் வெடிக்காமலும் இருந்தால்.

கழற்றிய பிறகு ஈரம் எங்கே என்பதை வடிவாகப் பாருங்கள், துடைக்க முதல். பிளைவீலுக்குப் பின்னால், எஞ்சின் பக்கமாக, நடுவிலிருந்து விசிறி போல வெளியே தெறித்த ஒயில் பின் மெயினால் வந்தது. பிளைவீலின் கிளச் பக்கத்தில், நடு போல்ட்டுகளைச் சுற்றி ஈரமிருந்தால் சீல் குற்றவாளி இல்லை: சில எஞ்சின்களில் பிளைவீல் போல்ட் ஓட்டைகள் கிராங்கின் உள்ளே திறந்திருக்கும், ஒயில் புரி வழியே ஊர்ந்து வரும். போல்ட்டுப் புரியில் சீலண்ட் பூசாமல் பூட்டியதுதான் அங்கே காரணம். ஏ-சீரிஸில் இன்னுமொன்று உண்டு. அதன் ஒயில் பம்ப் கேம் சாஃப்டின் பின்முனையில், பின் தகட்டுக்குப் பின்னால் இருக்கிறது. தகட்டின் காஸ்கட் போனால் பின் மெயின் ஒழுக்கு போலவே தோன்றும். பிளொக்கின் ஒயில் வழிகளை அடைக்கும் பித்தளை அடைப்புகளும் இங்கேதான் உள்ளன.

அறிகுறி: கிளச் மிதிக்கும்போது முன் புலி (பெல்ட் ஓடும் சில்லு) அசைகிறது

ஒருவர் கிளச்சை மிதித்துவிடட்டும், இன்னொருவர் முன் கிராங் புலியைப் பார்க்கட்டும். முன்னும் பின்னும் அசைவது கண்ணுக்குத் தெரிந்தால், கிராங்கை முன்பின் அசையாமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. ஏ-சீரிஸில் இருக்கவேண்டிய ஆட்டம் 0.05 முதல் 0.08 மி.மீ.; கண்ணுக்கு எட்டாத அளவு. சூடான ஐடிலில் ஒயில் லைட் மினுங்குவதும் சேர்ந்தால் மெயின் பெயாரிங்கும் தேய்ந்திருக்கும். நடுவில் நில்லாமல் சுழலும் கிராங், புது ரப்பர் உதட்டைச் சில கிழமைகளில் ஒரு பக்கமாகத் தின்றுவிடும். புரி எஞ்சினில் புரிக்கும் ஹவுசிங்குக்கும் உள்ள இடைவெளி கூடிவிடும். ஏ-சீரிஸில் பின் மெயின் ஒழுக்கு உண்மையாகவே கடுமையாக இருந்தால் மருந்து பெயாரிங் வேலைதான். உதட்டுச் சீல் பொருத்தும் மாற்றுக் கிட்டுகள் வெளிநாட்டில் விற்கின்றன. தேய்ந்த பெயாரிங்கில் அவையும் நிலைக்காது.

ஒரே துண்டுச் சீலை மாற்றுதல்

சாமானைக் கழற்றமுதல் சேர்த்து வையுங்கள்: சீல், ரிடெய்னர் காஸ்கட், ஒயில் தாங்கும் காஸ்கட் பேஸ்ட் ஒரு ரியூப், புரிக்கான சீலண்ட், பைலட் பெயாரிங், ரிலீஸ் பெயாரிங், கியர்பொக்ஸின் முன் சீல், தின்னர் ஒரு லீற்றர். கிளச் பிளேட்டைப் பார்த்துவிட்டு வாங்கலாம். யாழ்ப்பாணத்துச் சாமான் கடைகளில் கிடைக்காததற்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குச் சொல்லவேண்டி வரும். வாகனத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பஸ்ஸில் சாமான் வரும்வரை காத்திருக்காதீர்கள். சீலின் முகத்தில் மூன்று இலக்கம் இருக்கும். 80 100 10 என்றால் உள்விட்டம் 80, வெளிவிட்டம் 100, தடிப்பு 10 மி.மீ. இலக்கம் அழிந்திருந்தால் பழைய சீலின் உதட்டை அளக்கக் கூடாது, அது கிராங்கைவிடச் சிறியது. கிராங்கையும் ரிடெய்னரின் துளையையும் வேனியரால் அளக்கவேண்டும்.

பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். வாகனத்தை ஜக்கில் மட்டும் விட்டுக் கீழே போகக் கூடாது. துளையுள்ள சீமெந்துக் கல் திடீரென்று நொறுங்கும், அதை முண்டு கொடுக்கவே கூடாது. ஸ்ராண்ட் இல்லாவிட்டால் தடித்த மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்குங்கள். கியர் ஒயிலை வடித்துவிட்டுப் புரொப்பெல்லர் சாஃப்டின் பிளான்ச்சில் இரு பக்கமும் கோடு போட்டுக் கழற்றுங்கள். வடிக்காமல் சாஃப்டை இழுத்தால் ஒயில் முகத்தில்தான் ஊற்றும். கழிவு ஒயிலைப் பீப்பாயில் பிடியுங்கள். சுண்ணக்கல் நிலத்தில் விட்டது கிணற்றுக்கு இறங்க நாளாகாது.

பெல் ஹவுசிங் போல்ட்டுகள் நீளம் வேறு வேறாக இருக்கும்; மட்டையில் ஓட்டை போட்டு அதே ஒழுங்கில் செருகி வையுங்கள். கியர்பொக்ஸைப் பின்னால் இழுக்கும்போது அதன் பாரம் ஒரு கணமும் கிளச் பிளேட்டில் தொங்கக் கூடாது, நடு ஹப் வளைந்துவிடும். கீழே ஜக்கும் பக்கத்தில் இன்னொரு ஆளும் வேண்டும். பிரஷர் பிளேட்டில் கோடு போட்டு, போல்ட்டுகளை எதிரெதிராக அரைச் சுற்று அரைச் சுற்றாக இளக்குங்கள். பிளைவீலையும் கோடு போட்டே கழற்றுங்கள். கடைசிப் போல்ட் வரும்போது பிளைவீல் விரலில் விழும் பாரம் உடையது.

இப்போது சீல் தெரியும். உதட்டில் ஈரமா, வெளிவட்டத்தில் ஈரமா, ரிடெய்னர் காஸ்கட்டிலா என்று திரும்பவும் பாருங்கள். சீலை இருந்த இடத்திலேயே பிடுங்க வழி உண்டு: சீலின் தகட்டில் எதிரெதிராக இரண்டு இடத்தில் 2 மி.மீ. ஓட்டை போட்டு, தகரத் திருகாணி முடுக்கி, குறட்டால் இழுப்பது. டிரில் நழுவினால் கிராங் போச்சு. ஸ்குறூ டிறைவரைக் கிராங்கில் முண்டு கொடுத்து நெம்புவதும் அதே கதி. இடம் இருந்தால் ரிடெய்னரையே கழற்றுங்கள். காஸ்கட்டும் மாறும், சீலை மேசையில் வைத்துச் செவ்வையாக அடிக்கலாம். ரிடெய்னரின் அடி சம்ப் காஸ்கட்டில் ஒட்டியிருக்கும். அங்குள்ள சம்ப் போல்ட்டுகளை முதலில் எடுத்து, மெல்லிய கத்தியால் பிரித்துவிடுங்கள். இழுத்துக் கிழித்தால் சம்ப் வேலையும் சேரும்.

அடுத்தது கிராங்கின் மேற்பரப்பு. புதுச் சீல் போட்டும் ஒழுகுவதற்கு அதிகமான காரணம் இங்கேதான். பழைய உதடு ஓடிய இடத்தில் ஒரு மெல்லிய பளபளப்பான வளையம் தெரியும். நகத்தைக் குறுக்கே இழுங்கள். நகம் சறுக்கிப் போனால் பரவாயில்லை: 400, பிறகு 600 எமரியை ஒயிலில் நனைத்து, பட்டியாகக் கிராங்கைச் சுற்றிப் போட்டு, சப்பாத்துக்குப் பொலிஷ் போடுவது போல இரு முனையையும் மாறி மாறி இழுங்கள். கிராங்கின் நீளத்துக்குத் தேய்க்கவே கூடாது. ஒவ்வொரு கீறலும் ஒயிலுக்கு வாய்க்கால். எமரித் தூள் மெயினுக்குள் போகாமல் கிறீஸ் பூசிய துணித்துண்டால் அடைத்து, முடிந்ததும் துடைத்தெடுங்கள்.

நகம் தடுக்கி நின்றால் பொலிஷ் பயன்படாது. இலகுவான வழி, சீலை இருந்த ஆழத்திலிருந்து 2 மி.மீ. உள்ளே அல்லது வெளியே நிறுத்துவது, உதடு தேயாத இடத்தில் ஓடும். உள்ளே தள்ளும்போது ஒயில் திரும்பும் ஓட்டையை மறைக்கக் கூடாது, வெளியே நிறுத்தும்போது பிளைவீலில் முட்டக் கூடாது. அதற்கு இடமில்லாவிட்டால் ரிப்பெயர் ஸ்லீவ்: கிராங்கின் மேல் தட்டி ஏற்றும் மெல்லிய ஸ்டெயின்லெஸ் வளையம். ஸ்பீடி ஸ்லீவ் என்ற பெயரில் விற்கும் வளையத்தின் சுவர் 0.28 மி.மீ. மட்டுமே, அதனால் பழைய அளவுச் சீலே போதும். கைச் சுத்தியலால் கோணலாக அடித்தால் சுருங்கிப்போகும்; கூட வரும் குவளையை வைத்தே அடிக்கவேண்டும்.

சீலின் சுருள் கம்பி இருக்கும் பக்கம் ஒயில் பக்கம், அதாவது எஞ்சினை நோக்கி. உதட்டில் சாய்ந்த வரிகளும் அம்புக்குறியும் இருந்தால் கிராங் சுழலும் திசையோடு ஒப்பிடுங்கள். திசை மாறிய சீல் ஒயிலை வெளியே பம்ப் அடிக்கும், அதுவும் முதல் நாளிலிருந்தே. உதட்டுக்குப் பின்னால் கம்பிப் பள்ளத்தில் கொஞ்சம் கிறீஸ் வையுங்கள், அடிக்கும்போது கம்பி துள்ளி விழாது. வெள்ளை அல்லது பழுப்பு நிறத்தில், கம்பி இல்லாமல், பிளாஸ்ரிக் வளையத்தோடு வரும் பிரிஎப்ஈ (டெஃப்லான்) சீல் மட்டும் விலக்கு: அதற்குக் கிறீஸும் ஒயிலும் ஆகாது, காய்ந்தபடியே பூட்டி, சில மணி நேரம் கழித்துத்தான் எஞ்சினை எழுப்பவேண்டும்.

ரிடெய்னரில் சீலை அடிக்கும்போது தட்டையான மரப்பலகையை மேலே வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். நான்கு இடத்தில் வேனியரால் ஆழம் பாருங்கள். நான்கும் ஒன்றாக வரவேண்டும். கிராங்கில் ஏற்றுகிற கணம்தான் ஆபத்தானது. கிராங்கின் விளிம்பில் உதடு மடிந்தால் வெளியே இருந்து தெரியாது. காலியான பெரிய சோடாப் போத்தலை வெட்டி, அந்த மெல்லிய பிளாஸ்ரிக்கை உருளையாகக் கிராங்கில் சுற்றி, ஒயில் தடவி, அதன் மேலால் சீலைச் சறுக்கிவிட்டுப் பிளாஸ்ரிக்கை உருவி எடுங்கள். பழைய எக்ஸ்ரே படமும் நன்றாக உதவும்.

ரிடெய்னரை நடுவாக்கும் ஆணி (பின்) இல்லாத எஞ்சினில், எல்லாப் போல்ட்டையும் கையால் மட்டும் முடுக்கி, கிராங்கை இரண்டு மூன்று சுற்றுச் சுழற்றிவிட்டு, உதடு தானாக நடுவுக்கு வந்த பிறகு இறுக்குங்கள். காஸ்கட் பேஸ்ட் 2 மி.மீ. கோடாகப் போதும். கூடினால் உள்ளே பிதுங்கி, ஒருநாள் கழன்று, ஒயில் ஸ்ரெயினரில் போய் அடைக்கும். சம்பும் ரிடெய்னரும் சேரும் இரண்டு மூலைகளில் மட்டும் ஒரு பொட்டுக் கூட வைக்கலாம்.

பிளைவீல் போல்ட்டின் புரியைத் தின்னரால் கழுவி, ஓட்டை உள்ளே திறந்திருந்தால் சீலண்ட் பூசி, எதிரெதிராக மூன்று தரத்தில் டோர்க் ரெஞ்ச்சால் மனுவல் அளவுக்கு இறுக்குங்கள். ஸ்பானரில் குழாய் மாட்டி "கைப்பிடிக்கு" இறுக்கும் இடம் இது இல்லை. கிளச் பிளேட்டை நடுவாக்கப் பழைய இன்புட் சாஃப்ட் திறமானது.

மசி 135இன் கயிற்றுச் சீல்

உழவு இயந்திரத்தை எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் இடையில் இரண்டாகப் பிரிக்கவேண்டும். பிரிக்கமுதல் முன் அக்ஸிலுக்கும் அதன் தாங்கிக்கும் இடையில் இரு பக்கமும் மர ஆப்பு அடியுங்கள். மறந்தால் முன்பாதி அக்ஸிலின் நடு ஆணியில் சாய்ந்து கவிழும்.

பழைய கயிற்றில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். காற்றடித்து ஊதாமல், ஒயிலில் நனைத்து எடுத்து, பையில் கட்டிவிடுங்கள். அரை ஹவுசிங்கின் காடியைச் சுத்தமாக்கி, புதுக் கயிற்றின் இரு முனைகளையும் முதலில் ஒவ்வொரு அங்குலம் அளவுக்கு உள்ளே அழுத்துங்கள். முனைகள் சேரும் முகத்துக்கு மேலே 0.25 முதல் 0.5 மி.மீ. நீட்டிக்கொண்டு நிற்கவேண்டும். இந்த நீட்டல்தான் இரண்டு பாதிக் கயிறும் ஒன்றையொன்று நசுக்கிச் சேரும் இடம்; சவர அலகால் மட்டமாக வெட்டினால் அங்கேதான் ஒழுகும். பிறகு நடுவிலிருந்து தொடங்கி மீதியை அழுத்தி, உருளையான இரும்பால் உருட்டிப் படியவையுங்கள். மேலே கிராபைட் கிறீஸ்.

இரண்டு பாதியையும் கிராங்கைச் சுற்றி ஒன்றோடொன்று பூட்டி, பிளொக்கில் பூட்டாமல் அப்படியே கையால் முன்பின் சுழற்றுங்கள், கயிறு படியும். அதன் பிறகே புதுக் காஸ்கட்டோடு பிளொக்கில். கிராங் கொஞ்சம் இறுக்கமாகச் சுழலும், அது சரி. கம்பி போட்டு நெம்பினால்தான் சுழலும் என்றால் கயிறு எங்கோ மடிந்திருக்கிறது. இந்தக் கிராங்கிலும் கயிறு ஓடும் இடத்தில் ஒயிலைத் திருப்பும் மெல்லிய புரி உண்டு. தேய்மானம் என்று நினைத்து எமரியால் மழிக்கவும் வேண்டாம், ஸ்லீவ் போட்டு மூடவும் வேண்டாம்.

அறிகுறி: பூட்டிய பிறகும் ஈரம்

பெல் ஹவுசிங்கின் உள்ளே தேங்கிய பழைய ஒயில் சில நாள் வடியும். கழுவாமல் பூட்டினால் இந்தச் சந்தேகம் தீராது. கழுவியிருந்தால், 15 நிமிட ஐடிலுக்குப் பிறகும் 10 கிலோமீற்றர் ஓட்டத்துக்குப் பிறகும் மட்டையை வைத்துப் பாருங்கள்.

முதல் நாளே தாராளமாக வந்தால் உதடு மடிந்தது, கம்பி கழன்றது அல்லது திசை மாறியது. திரும்ப இறக்குவதைத் தவிர வழியில்லை. ஒன்றிரண்டு கிழமை உலர்வாக இருந்து பிறகு தொடங்கினால் கிராங்கின் பள்ளம், மெயின் ஆட்டம், கிராங்கேஸ் அமுக்கம் என்ற மூன்றில் ஒன்று கவனிக்கப்படவில்லை. முதலில் பிறீதர், ஏனென்றால் அதற்கு ஒன்றும் கழற்றத் தேவையில்லை. பல வருடம் நின்ற வாகனத்தில் மட்டும், காய்ந்த பழைய சீல் ஓட ஓட இளகிச் சொட்டு குறைவதுண்டு. சீலை ஊதவைக்கும் மருந்துப் போத்தல்களும் அந்த நிலையில் கொஞ்சம் உதவலாம், வெட்டுப்பட்ட உதட்டுக்கு உதவாது. எஞ்சின் ஒயிலில் பிரேக் ஒயிலைக் கலக்கும் கைவைத்தியம் வேண்டவே வேண்டாம்: ரப்பர் முதலில் ஊதி, பிறகு கூழாகும், ஒயிலின் தன்மை கெட்டு அடுத்த செலவு பெயாரிங்கில் வரும்.